பேராயர் அசரியா: தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வாழ்க்கை

 

கிறிஸ்துமஸ் அன்று பழைய மாணவர் ஒருவருக்கு வாழ்த்து அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார். "சார், நம்ம திருவண்ணாமலையில இருக்கிறது லுத்தரன் சபைன்னு சொல்றாங்க. ஆரணிப் பக்கம் போனா சி.எஸ்.ஐ. என்கூட வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரர், எங்க தாத்தா காலத்துல நாங்க ஆங்கிலிக்கன்னு சொல்றார். எல்லாரும் ஒரே பைபிளைத்தானே சார் படிக்கிறாங்க? ஏன் இத்தனை பேர்?"

வகுப்பில் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன். இப்போது நேரம் நிறைய இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அந்தச் சபைகளைச் சேர்ந்தவன் அல்லன் என்பது உங்களுக்குத் தெரியும். மதம் பற்றி வாதம் செய்யவும் இதை எழுதவில்லை. வரலாற்று ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல இந்தக் கேள்வி ஒரு வாய்ப்பாக அமைந்தது.

முதலில் கேள்விக்குப் பதில்.

வெளிநாட்டு மிஷனெரிகள் ஒரே நாட்டிலிருந்தோ ஒரே சபையிலிருந்தோ வரவில்லை. நம் ஊருக்கு வந்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த லுத்தரன் மிஷனெரிகள். நம் ஊர் டேனிஷ் மிஷன் பள்ளியின் பெயரிலேயே அந்த வரலாறு இருக்கிறது. அவர்கள் வழியில் வந்தது ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஆரணி, ஆற்காடு, வேலூர்ப் பக்கம் வந்தவர்கள் அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் குடும்பம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆங்கிலிக்கன் என்றால் இங்கிலாந்துத் திருச்சபை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு அது இங்கே வந்தது. சென்னைக் கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம்தான் இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். ஆனால் அது வெள்ளைக்காரர்களுக்கான கோயில். தமிழ் மக்களிடையே ஆங்கிலிக்கன் சபை வேர் பிடித்தது தென்கோடியில், திருநெல்வேலிச் சீமையில். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியரின் காலத்தில் ஊர் ஊராகச் சபைகளும் பள்ளிக்கூடங்களும் தோன்றின.

1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம் ஆகியிருந்த நிலையில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை ஒன்றாக இணைந்தன. ஆரணி, வேலூர்ச் சபைகள் ஏற்கெனவே அந்த ஐக்கிய சபையில் இருந்தன. இப்படிப் பிறந்ததுதான் தென்னிந்தியத் திருச்சபை, சி.எஸ்.ஐ. லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை. எனவேதான் நம் ஊரில் ஒரு பெயர், ஆரணியில் ஒரு பெயர்.

பேராயர்கள் உள்ள சபையும் பேராயர் என்ற பதவியே வேண்டாம் என்ற சபைகளும் ஒன்றாகச் சேர்ந்தது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. இந்த ஒற்றுமைக்காக ஏறக்குறைய 25 ஆண்டுகள் பாடுபட்டவர் ஒரு தமிழர். இணைப்பு நடந்த நாளில் அவர் உயிரோடு இல்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று அவர் இறந்துபோனார். ஆண்டுதோறும் புத்தாண்டு வரும்போது எனக்கு அவர் நினைவும் வரும்.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமத்துச் சபையில் குருவானவர். தாய் எலன். நீண்ட காலம் குழந்தையில்லாமல் இருந்து வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால், பைபிளில் அதே போலப் பிறந்த சாமுவேலின் பெயரை வைத்தார்கள்.

அவர் பிறந்த நாடார் சமூகத்தின் நிலை அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கமுதி கோயில் நுழைவு வழக்கு 1897இல் தொடங்கியது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயும், நாடார்களுக்குக் கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லை என்றே தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு வந்து நான்கு ஆண்டுகளில், அதே சமூகத்தில் பிறந்த ஒருவர் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார்.

தந்தை இறந்தபோது அசரியாவுக்கு வயது 15. மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்து, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். கணக்கு அவருடைய பாடம். தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டதால் பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வந்தார். தேர்வில் தவறிவிட்டால் வாழ்க்கையே முடிந்தது என்று அழுத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகச் சொல்கிறேன்: 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இதே மனிதருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது.

1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். 1898இல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் காலத்திலேயே உயர்கல்வி வரை படித்த பெண் அவர். பிற்காலத்தில் கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பெண்கள் நடுவில் வேலை செய்தவரும் அவரே. இந்த அம்மையாரைச் சொல்லாமல் அசரியாவை மட்டும் சொன்னால் பாதி வரலாறுதான் ஆகும்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து, தாங்களே ஊழியர்களை வெளியூர்களுக்கு அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலியிலோ நிலைமை வேறு. மூன்று தலைமுறையாகச் சபை இருந்தும் எல்லாவற்றுக்கும் துரைமார்களையும் லண்டன் பணத்தையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கியே பழகியவர்கள் எப்போது கொடுக்கப்போகிறோம் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. அதுவே அந்தச் சங்கத்தின் விதி. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகள் அதற்குக் காசு கொடுத்தன. 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அசரியா முன்னின்றார். வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் கொதித்த ஆண்டு அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காலத்தின் காற்று எல்லோர் மீதும்தான் வீசியது.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த ஊர், நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். இன்று தெலங்கானாவில், மகபூபாபாத் மாவட்டத்தில் ஒரு ரயில்வே சந்திப்பு. அசரியா 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டார். குருப்பட்டம் பெற்று அங்கே போய்ச் சேர்ந்தார். தெரியாத ஊர், தெரியாத மொழி. அடுக்கடுக்கான பொறுப்புகள் வகித்த மனிதர், 35 வயதில் தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அவர்களில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அசரியாவுக்கும் பேச இடம் கிடைத்தது. வெளிநாட்டு ஊழியர்களுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் இடையே உள்ள உறவு பற்றி அவர் பேசினார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

அவர் நன்றியும் சொன்னார். கூடவே, யாரும் சொல்லத் துணியாததையும் சொன்னார். மிஷனெரிகளும் இந்திய ஊழியர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தும், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதில்லை, கைகுலுக்கிக்கொள்வதுகூட அரிது, எசமானன் வேலைக்காரன் உறவுதான் இருக்கிறது என்றார். ஏழைகளுக்காக உங்கள் சொத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், உயிரையும் கொடுத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் முடித்தார்.

அரங்கில் சலசலப்பு ஏற்பட்டது. பலருக்குக் கோபம். இத்தனை செய்தும் இப்படிப் பேசுகிறாரே என்றார்கள். ஆனால் அந்த மாநாட்டில் பேசிய பெரிய பெரிய மனிதர்களின் உரைகளில் இன்றும் உலகம் முழுவதும் நினைவில் வைத்திருப்பது அந்தச் சிறிய உரையைத்தான்.

இதைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்காரனின் இனத்திமிருக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அது என்னைப் பற்றியதும்தான் என்று ஓய்வு பெற்ற பிறகே புரிந்தது.

என்னிடம் படித்த ஒரு பையன். நன்றாகப் படிப்பான், வீட்டில் வசதி இல்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதம் என் வீட்டுக்கு வருவான். பள்ளிக்கான பணமும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து அனுப்புவேன். ஐந்து ஆண்டுகள் ஒரு முறைகூடத் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, நல்ல வேலையில் அமர்ந்து, தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். "உள்ள வாப்பா, உட்காரு" என்றேன். வாசலிலேயே நின்றான். மறுபடியும் சொன்னேன். "பரவாயில்ல சார், இங்கயே நின்னு பழக்கம்" என்றான். அவன் குத்தலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஐந்து ஆண்டுகளில் ஒரு நாள்கூட நான் அவனை உள்ளே கூப்பிட்டதில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. காரணம் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை. அசரியா எடின்பரோவில் பேசியது என் வீட்டு வாசலைப் பற்றியும்தான்.

சரி, மறுபடி வரலாற்றுக்கு வருவோம். பிறரைப் பார்த்து இப்படிக் கேட்டவர், தான் எப்படி நடந்துகொண்டார்? அதைப் பார்த்துத்தான் ஒருவரை மதிப்பிட வேண்டும்.

சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் அசரியாவின் திறமையை அறிந்தவர். அவருடைய முயற்சியால் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். வயது 38. இந்தியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று மிஷனெரிகளில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். அவர் இறக்கும் வரை, 32 ஆண்டுகள், ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றின் தலைமையில் இருந்த இந்தியர் அவர் ஒருவரே. அந்தக் கதவு எவ்வளவு மெதுவாகத் திறந்தது என்று பாருங்கள்.

தோர்ணக்கல் சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். நிலமில்லாத கூலிகள். ஊருக்கு வெளியே குடியிருப்பு, கடன், பட்டினி. பேராயர் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் அவர்கள் சேரிகளுக்குப் போனார். அவர்களோடு உட்கார்ந்தார், அவர்களோடு சாப்பிட்டார். தன் சமூகத்தை மற்றவர் தள்ளி வைத்த வலி தெரிந்தவர், தனக்குக் கீழே என்று சொல்லப்பட்டவர்களைத் தள்ளி வைக்கவில்லை. இது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே ஏறியதும் ஏணியை எடுத்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

கிராமந்தோறும் ஓர் ஆசிரியரை வைத்தார். பகலில் பள்ளி, மாலையில் ஜெபம், இரவில் பெரியவர்களுக்கு எழுத்து. அந்த ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அழைக்கும்போது மனைவியையும் சேர்த்தே அழைத்தார்கள். இருவரும் படித்தால்தான் ஒரு குடும்பம் ஒரு ஊருக்கு விளக்காகும் என்பது அவர் கணக்கு. குடியையும் கடனையும் குழந்தைத் திருமணத்தையும் எதிர்த்துத் தொடர்ந்து பேசினார். அறுவடைக் காலத்தில் ஜாத்ரா நடத்தினார். மக்கள் தானியத்தையும் கோழியையும் காணிக்கையாகக் கொண்டு வந்தார்கள். ஏழை என்பதால் அவர்களிடம் காணிக்கை கேட்கக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. கொடுக்கும் உரிமை ஏழைக்கும் உண்டு என்றே நினைத்தார்.

ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தலைமேல் கைவைத்து ஒரு வாக்குச் சொல்லச் சொல்வார். தான் ஞானஸ்நானம் பெற்றவன், தான் அறிந்த நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்பது அதன் சாரம். எழுத்தறியாத கூலித் தொழிலாளியும் தலைமேல் கைவைத்து அதைச் சொன்னார், பேராயரும் சொன்னார். சீஷன் என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள் அது. குருவானவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்ற முறை அங்கே இல்லை.

இதன் விளைவைப் பக்கத்துத் தெருக்காரர்கள் பார்த்தார்கள். 1920களின் பிற்பகுதியிலிருந்து சாதி இந்துக்களிலும் பலர் சபையில் சேரத் தொடங்கினார்கள். மாலா, மாதிகா மக்களின் வாழ்க்கை மாறியதைக் கண்டுதான் அவர்கள் வந்தார்கள் என்று அசரியா திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய கடைசிக் காலத்தில் அந்தத் திருமண்டலத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள்.

இந்த வளர்ச்சியே காந்தியடிகளோடு கருத்து மோதலுக்கும் காரணமாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் 1930களில் கடுமையாக எதிர்த்தார். அவர்களுக்கும் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் அறிவும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் நிலை. அதே அசரியாதான், கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம், நாட்டு மக்களிடமிருந்து எங்களைப் பிரிக்காதீர்கள் என்றும் சொன்னார். இந்த விவாதத்தில் உங்களில் சிலர் காந்தியடிகள் பக்கம் இருப்பீர்கள், சிலர் அசரியா பக்கம். இரண்டு பேரும் தங்கள் மனசாட்சிக்கு உண்மையாக இருந்தவர்கள் என்ற மரியாதையோடு படித்தால் போதும்.

அவர் கட்டிய தோர்ணக்கல் பேராலயத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். 1939 ஜனவரி 6 அன்று அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில் மண்டபத்தைப் போன்ற தூண்கள், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள், நடுவில் சிலுவை. அண்ணாமலையார் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது. பணம் சேரச் சேரக் கட்டியதால் முடிக்க ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆயின.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். 1919 மே மாதம் தரங்கம்பாடியில், முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய அதே ஊரில், வெவ்வேறு சபைகளின் குருமார்கள் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அசரியா அவர்களில் முக்கியமானவர். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைகளால் வந்த பிரிவினைகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. என் மாணவர் இப்போது கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுவே. மேல்நாட்டுச் சபைகளுக்கு ஒற்றுமை விரும்பத்தக்க ஒன்று. இந்தியாவில் அது உயிர்ப் பிரச்சினை என்று அசரியா உலக மாநாடுகளில் வாதாடினார். சேரியில் இருப்பவரிடம் நீ லுத்தரனா ஆங்கிலிக்கனா என்று கேட்பதில் என்ன அர்த்தம்?

பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. நடுவில் எத்தனையோ முறை முறியும் நிலைக்கு வந்தது. முடியும் தறுவாயில் காய்ச்சலில் படுத்து, 1945 புத்தாண்டு நாளில் தோர்ணக்கலில் காலமானார். இங்கிலாந்துத் திருச்சபை இன்றும் ஜனவரி 2 அன்று அவரை நினைவுகூர்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழரை இங்கிலாந்துக்காரர்கள் நினைக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

முடிப்பதற்கு முன் ஒன்று. நம் ஊர் கொடுப்பதற்குப் பெயர்போன ஊர். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை இடத்தில் அன்னதானம் நடக்கிறது! உங்களில் பலர் அதில் வேலை செய்கிறீர்கள், சிலர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறீர்கள். மிக நல்ல காரியம், விடாமல் செய்யுங்கள். அடுத்த முறை, கொடுத்து முடித்த பிறகு நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். எந்த ஊர், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அசரியா கேட்டது அவ்வளவுதான்.

அந்த மாணவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போனேன். முதல் பந்தியில் என் பக்கத்து இலையில் அவனை உட்கார வைத்துத்தான் சாப்பிட்டேன். பெண்ணின் அப்பா பந்தியில் உட்காரக் கூடாது, வேலை இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னான். விடவில்லை. போன தீபாவளிக்கு அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் கூப்பிடாமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு அது போதும்.

 திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள், குறிப்பாகத் தாத்தா பாட்டி வழியாக அசரியா பற்றிக் கேள்விப்பட்டவர்கள், கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வாத்தியார் என்று பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
திருவண்ணாமலை